சிட்டு நிறுத்திய வரி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் காபியோடு விட்டுவிட்டு வந்தோம்.

சிட்டு ஒரு வாய்கூடக் குடிக்காமல் டம்ளரை மேஜையின் அந்தக் கோடிக்கு நகர்த்தி வைத்தாள். பெரியவள் அதைப் பார்த்துவிட்டாள். காபி வாசம் வந்தால்தான் கண்ணையே திறக்கிற பெண், "வேண்டாம்க்கா, பழக்கம் விட்டுப்போச்சு" என்றால் எந்த அக்காதான் சும்மா இருப்பாள்?

வயிற்றுப் புண் என்று முதலில் நினைத்தாள். அப்புறம் காதலாக இருக்கும் என்று நினைத்தாள். லாரியோடு வெளியூரில் இருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். "காபித்தூள் மிச்சம்னு சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு" என்று வைத்துவிட்டார்.

அப்பாவைக் கேட்டாள். அவர் பெரியவளின் கைக்குழந்தை பாப்பாவின் காலுறையைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார். "உடம்பைக் குறைக்கிறாளோ என்னவோ" என்று கட்டிலுக்கு அடியிலிருந்தே பதில் வந்தது. காலுறை பாப்பாவின் காலில்தான் இருந்தது. பெரியவள் அதைக் கவனிக்கவில்லை. நாம் கவனித்து வைப்போம்.

இன்று சனிக்கிழமை. விடிந்தால் பாப்பாவுக்கு ஞானஸ்நானம்.

பெரியவளுக்குக் கண்ணாடிக் கடையில் அரை நாள் வேலை. லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து, ஃப்ரேமைச் சூடு காட்டி, உள்ளே பொருத்துவது அவள் பொறுப்பு. பார்வை விழுகிற இடத்தில் பேனாவால் சின்னப் புள்ளி வைத்துக்கொள்வாள். அந்தப் புள்ளி கொஞ்சம் தள்ளிப் போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலிதான். அப்பேர்ப்பட்டவள் இன்று காலை இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டாள். முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மனசு இங்க இல்லை. இன்னும் ஒண்ணு மாத்தி மாட்டறதுக்குள்ள கிளம்பும்மா."

மனசு கோயிலில்தான் இருந்தது. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது, இன்னும் கருவிலேயே உருவாகாத பேரப்பிள்ளைக்கு அம்மா ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தாள். "உனக்கு ஒண்ணு பொறந்தா சிட்டுதான் ஞானத்தாய். வேற யாரையும் தேடாதே." அம்மா கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். நாளைக்கு அதை நிறைவேற்றிவிட்டால் அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை முடிந்தது.

சிட்டு நர்ஸ். சில மாதங்களாக ஞாயிறு தவறாமல் டியூட்டி போட்டு உயிரை வாங்குகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். பாவம், ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனைக்கு வர முடியாமல் பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று, பெரியவள் விடியற்காலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பாள். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் டப்பா தொடாமலே திரும்பி வரும். "சாப்பிட நேரமே இல்லைக்கா" என்பாள். அந்த வார்டு மேட்ரனைப் பெரியவள் எத்தனை முறை மனசுக்குள் திட்டியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

மத்தியானம் சிட்டு கடைக்கே வந்தாள். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. உள்ளே பாப்பாவுக்கு வெள்ளை ஷூ.

"நடக்கவே தெரியாத பிள்ளைக்கு ஷூ எதுக்குடி?"

"அழகுக்குத்தான். நீ வாங்க மாட்டே, நான் வாங்கினேன்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஒத்திகைக்கு நடந்தார்கள். அந்தச் சிரிப்பை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் அப்புறம் அதற்கு இடமில்லை.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காக உறுதி கொடுத்து ஞானத்தாயாக நிற்கிறவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்று, சபை நம்புவதையெல்லாம் வரி வரியாக அடுக்குகிற நீளமான விசுவாசப் பிரமாணத்தைப் புத்தகம் பார்க்காமல் முழுசாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறவளுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா. ஒரு வரி தப்பினாலும் போதகர் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்வார்.

சிட்டுவுக்கு அது தண்ணி பட்ட பாடு. ஞாயிறு பள்ளியில் மூச்சு விடாமல் சொல்லிப் பரிசு வாங்கியவள். போதகர் மைக் ஒயரைச் சரிபண்ணிக்கொண்டே, "ம், சொல்லும்மா" என்றார்.

சிட்டு தொடங்கினாள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கின பிதா. அவருடைய ஒரே மகன். குரல் தெளிவாகத்தான் இருந்தது. பெரியவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கூடவே உதட்டை அசைத்தாள்.

பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று வரவேண்டிய இடம் வந்தது. சிட்டு நின்றாள்.

போதகர் நிமிராமலே எடுத்துக் கொடுத்தார். "பிதாவோடு ஒரே தன்மை..."

சிட்டு தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, மறந்துபோச்சா?"

"மறக்கலை ஐயா."

போதகர் ஒயரைக் கீழே வைத்தார். சிட்டுவின் முகத்தைப் பார்த்தார். அவர் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் சபை மாறுவதைப் பார்த்தவர்.

"வேற எங்கயாவது ஞானஸ்நானம் எடுத்துட்டியாம்மா?"

சிட்டு ஆமென்று தலையை ஆட்டினாள். எந்தச் சபை என்று கேட்டார். இயேசு கிறிஸ்துவின் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை என்று முழுப் பெயரையும் சொன்னாள்.

"மோர்மன் சபை" என்றார் போதகர். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அப்ப நீ இங்க ஞானத்தாயா நிக்க முடியாதும்மா. நம்ம ஞானஸ்நானத்தை அவங்க ஏத்துக்கறதில்லை. அவங்களுதை நாமளும் ஏத்துக்கறதில்லை." பெரியவள் பக்கம் திரும்பினார். "வேற யார் நிக்கறாங்கன்னு சாயந்தரம் போன் பண்றேன், சொல்லு."

கோயிலுக்கு எதிரில் ஒரு பஸ் நிறுத்தம். பெரியவள் போய் அதன் பெஞ்சில் உட்கார்ந்தாள். சிட்டு நடுவில் ஷூ பெட்டியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை டியூட்டி?"

"இல்லைக்கா. அங்கதான் போனேன்."

"நான் கட்டிக் கொடுத்த சாப்பாடு?"

"ஆராதனை முடிஞ்சு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவேன். முதல் ஞாயிறு மட்டும் அங்க உபவாசம்."

"காபி?"

"அவங்க காபி, டீ குடிக்க மாட்டாங்க."

பெரியவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சாப்பிடும் முன் ஜெபம் செய்தால் சிட்டு சின்ன வயதிலிருந்து "இயேசப்பா" என்றுதான் ஆரம்பிப்பாள். கொஞ்ச நாளாக "பரலோகப் பிதாவே" என்று ஆரம்பிக்கிறாள். வளர்ந்துவிட்டாள், பெரிய மனுஷி மாதிரி ஜெபிக்கிறாள் என்று பெரியவள் உள்ளுக்குள் பெருமைப்பட்டிருந்தாள். 

"இயேசு உனக்கு வேண்டாதவராப் போயிட்டாரா?"

"அப்படிப் பேசாதேக்கா. அவர்தான் எனக்கு எல்லாம். நமக்காகச் செத்தார், எழுந்தார். அவர் இல்லாம ரட்சிப்பு இல்லை. இதுல ஒரு மாத்தமும் இல்லை."

"அப்புறம் எதுக்குடி வாயை மூடிக்கிட்டே?"

"பொய் சொல்லக் கூடாதுன்னுதான். அந்த வரியை மட்டும் என்னால சொல்ல முடியலை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரும் தனித்தனின்னு நாங்க நம்பறோம். பிதாவுக்கும் உடம்பு உண்டு, இயேசுவுக்கும் உண்டு. மனசு ஒண்ணு, நோக்கம் ஒண்ணு. ஆனா ஒரே தன்மைன்னு இல்லை."

'நாங்க' என்றாள். அதில் தான் இல்லை என்பது பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"மூணு ஆளுன்னு நாங்களும்தானே சொல்றோம்? மூணு ஆள், ஒரே தேவன். அதைப் பிரிச்சா அப்புறம் மூணு தேவன் ஆயிடாதா?"

"உங்களுக்கு அப்படித் தெரியுது. எனக்கு ஒரு குடும்பம் மாதிரித் தெரியுது. நாம பொறக்கறதுக்கு முந்தியே பிதாகிட்ட அவர் பிள்ளைகளா இருந்தோம்க்கா. இயேசு முதல்ல பொறந்த மூத்த பிள்ளை. அப்படிப் பார்த்தா அவர் நமக்கு மூத்த அண்ணன்."

"இத்தனை வருஷம் இயேசப்பா. இப்ப இயேசண்ணனா?"

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சிட்டுவுக்கு உதடு துடித்தது. பெரியவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள்.

"அவர் யாராலயும் உண்டாக்கப்படாதவர்டி. என்னைக்கும் இருந்தவர். நாம மண்ணு. அவரையும் நம்மளையும் ஒரே வரிசையில நிறுத்தி அண்ணன்னு சொல்ல உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அவர் தேவன் இல்லைன்னு நான் சொல்லலையே. எவ்வளவோ உயரத்துல இருக்கார், ஆனா என் ரத்த சொந்தம் மாதிரி இருக்கார். அவரைப் பிடிச்சுட்டுப் போன ராத்திரி தோட்டத்துல ஜெபம் பண்ணும்போது வேர்வை ரத்தமா விழுந்துச்சே, அங்கேயே நம்ம பாவம், நோவு எல்லாத்தையும் சுமக்க ஆரம்பிச்சுட்டார், சிலுவையில முடிச்சார்னு அங்க சொல்லிக் கொடுத்தாங்க. வார்டுல ராத்திரி ஆளில்லாம அழறவங்களைப் பார்க்கிறப்ப அதுதான் எனக்குத் தைரியம்."

பஸ் ஒன்று வந்து நின்றது. இவர்கள் ஏறவில்லை. ஓட்டுநர் முறைத்துவிட்டுப் போனார்.

"ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆனவதானே நீ? எதுக்கு ரெண்டாவது?"

சிட்டு கையைப் பிசைந்தாள். "அப்போஸ்தலர்களுக்கு அப்புறம் அந்த அதிகாரம் பூமியில இல்லாமப் போச்சு, பல நூறு வருஷம் கழிச்சுத்தான் திரும்பி வந்துச்சுன்னு அங்க நம்பறாங்க. அதனால..."

"அதனால அம்மா நம்மளைத் தூக்கிட்டுப் போய் எடுத்தது செல்லாது."

"அம்மா அன்பாத்தான் செஞ்சாங்க."

"நான் அன்பைக் கேக்கலை. செல்லுமா, செல்லாதா?"

சிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு என் பிள்ளைக்கு நடக்கறதும் சும்மா தண்ணி ஊத்தறதுதான்."

"சின்னப் பிள்ளைக்குப் பாவமே கிடையாதுக்கா. எட்டு வயசு ஆகி, அதுவா விரும்பி எடுத்தாப் போதும்னு..."

"இவ்வளவும் மனசுல வச்சுக்கிட்டு எதுக்குடி ஞானத்தாயா நிக்கறேன்னு தலையாட்டினே?"

"நீ கேட்டே. அம்மா சொல்லிட்டுப் போயிருந்தாங்க. ஒரு வரிதானே, வேகமாச் சொல்லிக் கடந்துடலாம்னு நினைச்சேன். அந்த இடம் வந்தப்ப நாக்கு எழும்பலை."

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட முழுசாக வரவில்லை. கூடப் பிறந்தவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள், மாதக்கணக்கில் தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். அதுதான் ஆறவில்லை. மதம் மாறினேன் என்று ஒரு நாள் அடுப்படியில் நின்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், மூன்றாம் நாள் சாப்பாடு போட்டிருப்பாள்.

"நல்லவேளை, அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றாள். "இதையெல்லாம் அவங்க பார்க்கலை. அவங்களையாவது நீ விட்டு வச்சியே."

சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள். 

"என்னடி?"

"அம்மாவுக்கும் செஞ்சாச்சுக்கா."

"என்ன செஞ்சாச்சு?"

"செத்தவங்களுக்காக உயிரோட இருக்கறவங்க ஞானஸ்நானம் எடுத்துக்கலாம், அங்க அது உண்டு. ஞாயிறு கூடற இடத்துல இல்லை, தூரத்துல இருக்கற அவங்க ஆலயத்துலதான் செய்வாங்க. போன மாசம் டிரெய்னிங்னு போனேனே..."

"என் பெட்டியைத் தூக்கிட்டு."

"ஆமா. அம்மா பேரைச் சொல்லி நான் தண்ணியில இறங்கினேன். இது கட்டாயம் இல்லைக்கா. மறு உலகத்துல அம்மாவுக்கு இஷ்டம் இருந்தா ஏத்துக்கலாம். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடலாம்."

"உயிரோட இருந்தப்ப அம்மாவுக்கு வாய் இருந்துச்சு. அப்ப கேட்டிருக்கலாம்ல?" பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள். "சாகற அன்னைக்குக்கூட எந்த விசுவாசத்துல செத்தாங்கன்னு நீயும் பார்த்தே, நானும் பார்த்தேன். அவங்க கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நாமதான் நின்னோம். அவங்களை யாரைக் கேட்டுடி நீ மாத்தினே?"

"மாத்தலைக்கா. ஒரு வழியைத் திறந்துதான் வச்சேன்."

"யாரைக் கேட்டேன்னு கேட்டேன்."

சிட்டு கண்ணைத் துடைத்தாள்.

"நானா செய்ய முடியாது. நெருங்கின சொந்தம் சம்மதிக்கணும்னு அங்க சொன்னாங்க. அப்பாகிட்ட கேட்டேன். அப்பா சரின்னுட்டார்."

பெரியவள் எழுந்தாள். தங்கையையும் ஷூ பெட்டியையும் அப்படியே விட்டுவிட்டு நடந்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையதுதான். அவர் ஒரு ஞாயிறு வரவில்லையென்றால் பாட்டு அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும் என்று போதகரே சொல்வார். பெரியவள் வீட்டுக்குள் வந்தபோது பாப்பாவை மடியில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மகளின் முகத்தைப் பார்த்ததுமே தட்டுகிற கை நின்றது.

"சொல்லிட்டாளா?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இல்லை, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிடுவார் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும். காபி விஷயம் தெரியும், ஞாயித்துக்கிழமை விஷயம் தெரியும். நான் விடியக்காலையில எழுந்து டப்பா கட்டும்போது பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தீங்க."

"நானே சொல்லணும்னுதான்மா இருந்தேன். அவ சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"நீங்களும் அந்தப் பக்கம் போயிட்டீங்களா?"

"இல்லை."

"அப்ப இயேசு யாருன்னு அவ சொல்றதை நம்பறீங்களா?"

"அதுவும் இல்லை. நான் ஆயுசு முழுக்கச் சொன்ன விசுவாசப் பிரமாணம் அது. அதுல அவரைப் பத்தி இருக்கற எந்த வரியிலயும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை."

"அப்புறம் எப்படிப்பா சரின்னீங்க?"

அப்பா பாப்பாவின் தலையைத் தடவினார். 

"எங்க கல்யாணத்துல, மரணம் பிரிக்கும் வரைக்கும்னு சொல்லித்தான் உங்கம்மா கையைப் பிடிச்சேன். பிரிச்சிருச்சு. அதோட சரி. பரலோகத்துக்குப் போனா கல்யாண பந்தம், கொள்வினை கொடுப்பினை எதுவும் கிடையாதுன்னு நம்ம போதகர் ஐயா அடக்கத்துக்கு மறுநாள் சொன்னார். தப்பாச் சொல்லலை, வேதத்துல இருக்கறதைத்தான் சொன்னார். சிட்டு வந்து, புருஷன் பொண்டாட்டி அங்கேயும் புருஷன் பொண்டாட்டியா இருக்கலாம்ப்பா, அதுக்கு ஒரு வழி இருக்காம், முதல்ல அம்மாவுக்கு இதைச் செய்யணும்னு சொன்னா. நான் யோசிக்கலைம்மா. சரின்னுட்டேன்."

"அந்த வழிக்கு அடுத்தது என்ன?"

அப்பா பாப்பாவின் சட்டையை இழுத்துவிட்டார். அடுத்தது அப்பாவும் அங்கே ஞானஸ்நானம் எடுப்பதுதான் என்று பெரியவளுக்கே புரிந்தது. அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு அவங்க பொண்டாட்டி. சரி. எனக்கு அம்மா. அவங்களுக்காக ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கலை. நான் மட்டும் இந்த வீட்டுல டப்பா கட்டிட்டு இருந்திருக்கேன்."

"தப்புதான்."

"அவர் லாரி வந்து சேராது, நாளைக்கு நீங்கதான் பாப்பாவைத் தூக்கிட்டுத் தொட்டிகிட்ட வரணும். அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு தெரியணும். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுங்க. முழுசா."

"இப்பவா?"

"இப்பவே."

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார். அந்த அடிக்குரலுக்குப் பாப்பா கண்ணை விரித்துப் பார்த்தாள். சிட்டு நின்ற இடம் வந்தது. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று அப்பா கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னார். சிலுவையைச் சொன்னார், மூன்றாம் நாளைச் சொன்னார், ஒரே ஞானஸ்நானம் என்றும் சொன்னார். அதில் மட்டும் குரல் சற்றுத் தாழ்ந்தது. பெரியவளுக்கு உயிர் வந்தது. இன்னும் கடைசி வரிதான் பாக்கி.

மரித்தவர்கள் எழுவார்கள் என்றார். வரப்போகிற வாழ்வு என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார்.

அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள்.

"அதைத்தான்மா என்னால சொல்ல முடியலை" என்றார். "அந்த வாழ்வுல நான் உங்கம்மாவுக்கு யாருன்னு அதுல எங்கேயும் இல்லையே."

அவர் அழுதார். லிஃப்ட் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தபோதுகூட அழாத மனுஷன். பெரியவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, ஒரு சொல்லும் பேசாமல் வெளியே போய்விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எழுந்து, அவர் மடியிலிருந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டாள். அப்பா பிடித்துக்கொள்ளவில்லை. அவர் கைகள் மட்டும் பிள்ளையைத் தாங்குகிற மாதிரியே கொஞ்ச நேரம் இருந்தன.

போன் அடித்தது. போதகர்.

"முடிவு பண்ணிட்டியாம்மா? யார் நிக்கறாங்க?"

வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். ஷூ பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிட்டு வந்து நின்றாள். வழக்கமாகச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போகிறவள், இன்று அழைப்பு மணியை அழுத்தினாள்.

அப்பா கதவைப் பார்த்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார். அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுல நான் மட்டும்தான் ஐயா இருக்கேன்" என்றாள்.

"பெத்தவளே ஞானத்தாயா நிக்க முடியாதேம்மா" என்றார் போதகர்.

வாசல் மணி மறுபடி அடித்தது.